மார்ச் வெயிலை முந்துமா கோதுமை? பஞ்சாப் வயலுக்கு மூன்று வழிகள்

2022 மார்ச் கடைசி வாரம். பஞ்சாபில் சங்ரூர் பக்கம் ஒரு கோதுமை வயல். வரப்பில் நின்ற பெரியவர் ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார். மணிகளின் எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு மணியும் வயிறு ஒட்டி, நடுக்கோடு ஆழமாக விழுந்து, சோம்பு போல மெலிந்து கிடந்தது. "தாணா ஹல்கா ரெஹ் கியா" என்றார். மணி கனக்காமலேயே நின்றுவிட்டது என்று பொருள். கோதுமைக்கு முன் இதே வயலில் என்ன நெல் போட்டிருந்தீர்கள் என்று கேட்டேன். பூசா 44. அறுவடை அக்டோபர் கடைசி. கோதுமை விதைத்தது நவம்பர் 20க்கு மேல்.

1901 முதல் இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் பதிவுகளில் அதுவரை கண்டிராத சூடான மார்ச் அது. அந்த ஆண்டு 11.13 கோடி டன் கோதுமை விளையும் என்று பிப்ரவரியில் ஒன்றிய அரசு மதிப்பிட்டிருந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த வாரமே மதிப்பீடு 10.64 கோடி டன்னாகக் குறைந்தது. பஞ்சாபில் முந்தைய ஆண்டு எக்டருக்கு 48 குவிண்டாலுக்கு மேல் இருந்த சராசரி விளைச்சல் 42 குவிண்டால் அளவுக்கு இறங்கியது.

இன்னொரு மார்ச் இப்படிச் சுட்டால் என்ன செய்வது? மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். விதைக்கும் நாளை மாற்றாமல், கடைசிக் கட்டத்தில் தண்ணீரும் தெளிப்பும் கொடுத்துச் சமாளிப்பது ஒன்று. சீக்கிரம் முற்றும், சூடு தாங்கும் ரகத்துக்கு மாறுவது இன்னொன்று. மூன்றாவது, விதைப்பையே அக்டோபர் கடைசிக்கு இழுத்து, வெயில் வருவதற்குள் மணியை முற்றவைப்பது. பயிர் மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை என்பதால், அந்தக் கண்ணோடு மூன்றையும் எடைபோடுகிறேன். நெல் அறுத்த வயலில் கோதுமை போடுகிறவருக்கு மூன்றாவது வழிதான் என்பது என் முடிவு. ஆனால் அதை அவர் அக்டோபரில் தேர்ந்தெடுக்க முடியாது. நெல் நாற்று விடும்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

பயிர் மாதிரி என்பது ஒரு வயலைக் கணினிக்குள் நாள் நாளாக வளர்ப்பது. ஒவ்வொரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, மழை, சூரிய ஒளி இவற்றைக் கொடுக்க வேண்டும். மண் எவ்வளவு ஈரம் பிடிக்கும், எப்போது விதைத்தோம், எவ்வளவு யூரியா போட்டோம், எத்தனை தண்ணீர் விட்டோம் என்பதையும் கொடுக்க வேண்டும். இலை, தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்), கதிர், மணி என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அமெரிக்காவில் உருவான செரிஸ்-கோதுமை, ஆஸ்திரேலியாவின் ஆப்சிம், டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இன்ஃபோகிராப் ஆகியவை இந்தியக் கோதுமைக்குப் பெரிதும் பயன்படுபவை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரு எளிய கணக்கு. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பூத்த நாளிலிருந்து மணி முற்றும் வரை ஒரு ரகத்துக்கு 700 வெப்ப அலகு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரியோ, அன்றைக்கு அத்தனை அலகு சேரும். சராசரி 17.5 டிகிரி என்றால் 40 நாளில் கணக்கு முடியும். அதே சராசரி 21.5 டிகிரியாக ஏறினால் 33 நாளிலேயே முடிந்துவிடும். மாவு இறங்க வேண்டிய நாட்களில் ஒரு வாரம் போய்விட்டது. சூட்டில் மணி வேகமாக நிரம்புமே என்று கேட்கலாம். ஓரளவு நிரம்பும்தான், ஆனால் இழந்த ஒரு வாரத்தை அந்த வேகம் ஈடுகட்டாது. பெரியவர் கையில் நான் பார்த்த மணிகளுக்கு நேர்ந்தது இதுதான். 2015இல் உலகின் ஆய்வுக் குழுக்கள் பல சேர்ந்து 30 கோதுமை மாதிரிகளை ஒன்றாக ஓட்டிப் பார்த்தபோது, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் உலகக் கோதுமை விளைச்சல் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்று கணக்கு வந்தது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழிக்குச் செலவு குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் சூடு ஏறும்போது மெல்லிய பாசனம் கொடுத்தால் பயிர்ப் பரப்பு கொஞ்சம் குளிரும். கூடவே 2 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கச் சொல்கிறது லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு 4 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கடைசி இலையான கண்ணாடி இலை வந்து கதிர் பொதியில் இருக்கும்போது ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை. நியாயமாகச் சொன்னால், நாங்கள் ஓட்டும் மாதிரிகள் இந்த வழியின் பலனைக் குறைத்தே காட்டும். பெரும்பாலான மாதிரிகள் காற்றின் வெப்பநிலையைத்தான் பார்க்கும். தண்ணீர் விட்ட வயலுக்குள் இலையின் சூடு குறைவதை அவை அறியாது. ஆனாலும் வெப்ப அலகுக் கணக்கை ஒரு பாசனம் பெரிதாக மாற்றிவிடாது. கனத்த கதிரோடு நிற்கும் பயிருக்குத் தண்ணீர் விட்ட அன்று இரவு காற்றடித்தால் வயலே படுத்துவிடும். 2023 மார்ச்சில் மழையும் ஆலங்கட்டியும் வந்து பஞ்சாபில் கோதுமை சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். என் பார்வையில் இது முதலுதவி. கைவசம் இருக்க வேண்டும். இதையே நம்பி இருக்கக் கூடாது.

இரண்டாவது வழி, தாமதமாக விதைக்கும் பின்பட்டத்துக்கென்றே வளர்த்தெடுத்த ரகங்கள். கர்னாலில் உள்ள இந்திய கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் டிபிடபிள்யூ 173 ஒரு நல்ல உதாரணம். டிசம்பரில் விதைத்தாலும் சூட்டைத் தாங்கி ஓடும். ஆனால் சீக்கிரம் முற்றுவது என்றாலே இலை விடவும் தூர் கட்டவும் நாள் குறைகிறது. தூர் குறைந்தால் கதிர் குறையும். வடமேற்கில் நவம்பர் பாதிக்கு மேல் விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போகிறது என்பது பல கள ஆய்வுகள் சொன்ன அளவு. குறுகிய கால ரகம் அந்த இழப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நல்ல ஆண்டிலும் உச்சவரம்பு தாழ்வாகவே நிற்கும். பத்து ஆண்டில் இரண்டு கெட்ட ஆண்டுக்குப் பயந்து எட்டு நல்ல ஆண்டிலும் விளைச்சலை விட்டுக்கொடுப்பது, வேறு வழி இருக்கிறவருக்குத் தேவையில்லாத தியாகம்.

வேறு வழி இல்லாதவர்களும் நிறைய. உருளைக்கிழங்கு எடுத்த வயல், பருத்தி நின்ற வயல், கரும்பு வெட்டிய வயல், நீண்ட கால பாஸ்மதி அறுத்த வயல் இவற்றில் அக்டோபர் விதைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு இரண்டாவது வழியே முதல் வழி. தெளிப்பு அதற்குத் துணை.

இப்போது மூன்றாவது வழியான முன்பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் கோதுமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பரவலாகப் போட்டுவந்த எச்டி 2967 போன்ற ஒரு ரகத்தை அக்டோபர் 20இல் விதைத்துவிட்டால், அக்டோபர், நவம்பர் வெதுவெதுப்பிலேயே வெப்ப அலகுகள் மளமளவென்று சேரும். பயிர் அவசரப்படும். தூர் கட்டி முடிக்கும் முன்பே கதிர் தள்ளி, பூ வந்து கடுங்குளிரில் மாட்டும். மகரந்தம் கெட்டு, கதிரில் இடைவெளி விழும். ஆக, மார்ச் சூட்டுக்குத் தப்பி ஜனவரிக் குளிரில் விழுவது தீர்வு ஆகாது.

தேவை, முன்னால் விதைத்தாலும் நிதானமாகக் காத்திருக்கும் ரகம். குளிர்நாடுகளின் கோதுமைக்கு ஒரு குணம் உண்டு: குறிப்பிட்ட காலம் குளிர் பட்டால்தான் அது கதிருக்குத் திரும்பும். அந்தக் குணத்தை மிதமான அளவில் இந்திய ரகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்டி 3385 அப்படிப்பட்டது. அக்டோபர் கடைசியில் விதைத்தால் இலையும் தூருமாக நின்று, தேவையான குளிரைப் பெற்ற பிறகே கதிருக்குப் போகும். மணி நிரம்பும் வேலையில் பெரும்பகுதி மார்ச்சின் கடும் நாட்களுக்கு முன் முடிந்துவிடும். கர்னாலின் டிபிடபிள்யூ 187, 303, 327 ஆகியவையும் முன்பட்டத்தில் சோதிக்கப்பட்டவை. இவற்றில் முழு விளைச்சலை எடுக்க வழக்கத்தைவிட அதிக உரமும், தண்டு நீளாமல் தடுக்க வளர்ச்சி ஒழுங்கி மருந்தும் பரிந்துரைக்கிறார்கள். இதுவும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். நாள் கூடுவதால் ஒரு தண்ணீர் கூடுதலாகவும் தேவைப்படலாம்.

மாதிரியில் இதைச் சோதிப்பது எளிது. அதே வயல், அதே 40 ஆண்டு வானிலை. விதைப்பை மட்டும் அக்டோபர் 20 முதல் டிசம்பர் 10 வரை ஐந்தைந்து நாளாக நகர்த்தி, ஒவ்வொரு ரகத்துக்கும் பூக்கும் நாள் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு வாசல் தெரியும். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் வெயில். எச்டி 2967க்கு வாசல் நவம்பர் முதல் பாதியில் இருக்கிறது. குளிருக்குக் காத்திருக்கும் ரகத்துக்கு வாசலே முன்னால் நகர்ந்துவிடுகிறது. எந்த ரகம் நல்லது என்று தனியாகவும், எந்த நாள் நல்லது என்று தனியாகவும் கேட்டால் தப்பான பதில்தான் வரும். ரகத்தையும் நாளையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதைக் களத்தில் சோதிக்கப் பத்து ஆண்டு ஆகும். மாதிரி ஒரு பகலில் காட்டிவிடும்.

இனி வைக்கோல். அறுவடை இயந்திரம் போன பின் வயலில் நிற்கும் அடித்தாளையும் சிதறிய வைக்கோலையும் எரிக்காமல், அதன் நடுவிலேயே விதைக்கும் ஹேப்பி சீடர் கருவியைப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். அப்படி விதைத்த வயலில் நவம்பர் காலையில் குனிந்து வைக்கோலை விலக்கிப் பார்த்திருக்கிறேன். மேலே மொறமொறவென்று காய்ந்திருக்கும். ஒரு விரல் கீழே மண் கருத்து, குளிர்ந்து, பிடித்தால் உருண்டை பிடிக்கும். பக்கத்திலேயே எரித்து உழுத வயலில் அதே காலையில் மண் வெளுத்து, கட்டிகட்டியாக உடையும். பஞ்சாபில் நடந்த ஆய்வு ஒன்றில், வைக்கோல் மூடாக்கு போட்ட கோதுமையில் மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை குறைந்தது. முன்பட்டத்துக்கு இது இரட்டிப்பு உதவி. உழவும் எரிப்பும் இல்லாததால் நெல் அறுத்த சில நாட்களிலேயே விதைக்கலாம். அக்டோபர் வெதுவெதுப்பில் மண் ஈரமும் காயாது.

குறையும் உண்டு. வைக்கோலுக்குள் முன்கூட்டி விதைத்த வயல்களில் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் தாக்குகிறது. நெல்லில் இருந்த புழு அப்படியே கோதுமைக் குருத்துக்கு மாறுகிறது. எரித்த வயலில் இது இல்லையே என்று உழவர் சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். விதைத்த முதல் மாதம் வாரம் ஒருமுறை குருத்து காய்ந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

இவ்வளவு நன்மை இருந்தும் சங்ரூர் பெரியவர் ஏன் நவம்பர் 20க்கு மேல் விதைத்தார்? நிலத்தடி நீர் சரிவதைத் தடுக்க பஞ்சாப் 2009இல் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10க்கு முன் நெல் நடக்கூடாது என்றது. பின்னர் அந்தத் தேதி சில முறை மாறியது. நோக்கம் சரியானதே. ஆனால் விதையிலிருந்து அறுவடைக்கு 160 நாள் கேட்கும் பூசா 44ஐ ஜூன் நடுவில் நட்டால் அறுவடை அக்டோபர் கடைசியில்தான் வரும். பின்னாலேயே கோதுமைக்கு நேரமில்லை, வைக்கோலை எரிக்கத் தீக்குச்சி கிழிக்கப்படுகிறது, டெல்லி மூச்சுத் திணறுகிறது. 2016இல் வந்த குறுகிய கால நெல் ரகமான பிஆர் 126 நட்டதிலிருந்து 93 நாளில் முற்றும். ஜூன் 25இல் நட்டால் செப்டம்பர் 26 வாக்கில் வயல் காலி. எச்டி 3385 விதைக்க ஏறக்குறைய நான்கு வாரம் கையில் இருக்கும். வைக்கோலை எரிக்க வேண்டிய அவசரமே இல்லை. நெல்லின் காலத்தையும் சேர்த்து ஆப்சிம் மாதிரியில் நெல்-கோதுமை சுழற்சியை ஓட்டிய ஆய்வாளர்களும் குறுகிய கால நெல்லைத் தண்ணீர் சேமிக்கும் வழிகளில் ஒன்றாக எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கோதுமையை மட்டும் தனியாக ஓட்டினால் இந்தக் கதவு கண்ணிலேயே படாது.

பிஆர் 126க்கும் எதிர்ப்பு உண்டு. பூசா 44 விளைச்சல் அதிகம் என்பது உழவர் கணக்கு. 2024இல் அரிசி ஆலைகள், பிஆர் 126 நெல்லைக் குத்தினால் அரிசி குறைவாகத் தேறுகிறது என்று எடுக்கத் தயங்கின. 2023இல் மாநில அரசு பூசா 44க்குத் தடை அறிவித்தாலும், கொள்முதல் மையத்தில் தன் பிஆர் 126 நெல் விற்காமல் போகுமா என்ற பயம் உழவருக்கு நியாயமானது. அதனால் நெல்லில் இழப்பதையும் கோதுமையில் பெறுவதையும் ஒரே தாளில் எழுதிக் கழிக்க வேண்டும். தண்ணீர், டீசல், மருந்து, வைக்கோல் எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும்.

மாதிரி எதைப் பார்க்காது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 34 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கோதுமை இலை எவ்வளவு வேகமாகப் பழுக்கிறது என்று கங்கைச் சமவெளியை ஒன்பது ஆண்டு செயற்கைக்கோள் படங்களில் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அப்போதைய மாதிரிகள் சில விதைப்பு நாட்களுக்கு சூட்டால் வரும் விளைச்சல் இழப்பைப் பாதி அளவு வரை குறைத்தே காட்டின என்றது அது. எனவே மாதிரி சொல்லும் மார்ச் இழப்பை நான் எப்போதும் குறைந்தபட்ச இழப்பாகத்தான் படிக்கிறேன். இதுவும் முன்பட்டத்துக்கே சாதகம்.

நோய் விஷயம் அப்படி இல்லை. இந்த மாதிரிகளை வழக்கமாக ஓட்டும்போது பயிர் நோயில்லாமலேயே வளரும்; இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான மஞ்சள் துரு அவற்றின் கணக்கில் இல்லை. பஞ்சாப் முழுக்கப் பரவியிருந்த பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகம் மஞ்சள் துருவுக்கு வீழ்ந்தது. அதன் இடத்துக்கு வந்த எச்டி 2967ம் பின்னர் அதே நோய்க்கு இலக்கானது. ஒரே ரகம் லட்சக்கணக்கான ஏக்கரில் நின்றால் துருவுக்கு ஒரே ஒரு சாவி போதும். நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே துரு ஆண்டு முழுதும் உயிரோடு இருப்பதால், வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் புதிய கோதுமை வரிசைகள் துருவைத் தாங்குமா என்று சோதிக்கிறார்கள். வடக்கில் வயல் காலியாகக் கிடக்கும் மாதங்களில் அங்கே இன்னொரு தலைமுறை வளர்த்து, ரகம் உருவாகும் காலத்தையும் குறைக்கிறார்கள். முன்பட்டத்துக்கு எச்டி 3385 நல்லது என்பதால் ஊரே அதை மட்டும் போட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 40 ஆண்டு ஓட்டத்தின் சராசரியை மட்டும் பார்ப்பது. நல்ல ஆண்டில் நவம்பர் தொடக்க விதைப்புக்கும் அக்டோபர் விதைப்புக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது. சராசரியில் அது கரைந்துவிடும். 40 விளைச்சலையும் ஏறுவரிசையில் எழுதி, கீழிருந்து எட்டாவதைப் பாருங்கள். ஐந்து ஆண்டில் ஒரு முறை விளைச்சல் இந்த அளவுக்கோ இதற்கும் கீழேயோ போகும் என்று பொருள். அந்த எண்ணில் குத்தகையும் கடன் தவணையும் கட்ட முடியுமா? குத்தகை நிலத்தில் ஏக்கருக்கு இத்தனை என்று முன்பணம் கொடுத்தவருக்குச் சராசரி சோறு போடாது.

பத்து ஏக்கர் நெல்-கோதுமை நிலம் உள்ளவருக்கு நான் சொல்வது இது. ஆறு ஏக்கரில் குறுகிய கால நெல், பின்னால் அக்டோபர் கடைசி வாரத்தில் காத்திருக்கும் ரகம், வைக்கோலுக்கு நடுவிலேயே விதைப்பு. நான்கு ஏக்கரில் நவம்பர் முதல் வாரத்தில் வேறொரு ரகம். பூக்கும் நாள் இரண்டாகப் பிரிவதால் ஒரே இரவின் குளிரோ ஒரே நாளின் ஆலங்கட்டியோ முழுவதையும் கொண்டுபோகாது. பொட்டாசியம் நைட்ரேட் இரண்டு மூட்டை வீட்டில் இருக்கட்டும். பிப்ரவரிக் கடைசி முன்னறிவிப்பைப் பார்த்துப் பிரிக்கலாம். கிழக்கு உத்தரப் பிரதேசமும் பீகாரும் வேறு கணக்கு. அங்கே மழைக்குக் காத்திருந்து நெல் நடுவதால் கோதுமை டிசம்பர் வரை தள்ளிப்போகிறது. ரகத்தை மாற்றுவதற்கு முன் நெல் நாற்றங்காலுக்கு ஒரு தண்ணீர் முன்னதாகக் கிடைக்கச் செய்வதே அங்கு பெரிய மாற்றம் தரும்.

சங்ரூர் பெரியவரிடம் அன்று கோதுமை ரகம் எதையும் நான் சொல்லவில்லை. ஜூனில் என்ன நெல் நடப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் நான்கு ஏக்கரில் மட்டும் பிஆர் 126 நட்டார். மீதியில் பழையபடி பூசா 44.